மார்சிபானும் தராசும்



ஈஸ்டர் திருநாள் நெருங்கினால், நம் மும்பையின் பாந்த்ரா ரொட்டிக்கடைகளில் வண்ண முட்டைகள் வீற்றிருக்கக் காண்கிறோம். மார்சிபான் என்னும் பண்டத்தால் ஆனவை அவை. ஐரோப்பாவில் அதனை வாதுமைப் பருப்பால் செய்வர். ஜெர்மனியின் லூபெக் நகரம் அதற்குப் பேர்போனது. இங்கும் கோவாவிலும் பல இல்லங்களில் முந்திரியை அரைக்கின்றனர். அம்முந்திரியும் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்ததே!

இக்கலை பயில, நம் சங்க மகளிர் சிலர் கேக் செய்யக் கற்பிக்கும் பள்ளியொன்றில் சேர்ந்தோம். எங்களைத் திகைக்க வைத்தது அடுப்பன்று, தராசு. கண்ணளவு, கைப்பக்குவம் என்று வளர்ந்தவர்களல்லவா நாங்கள்? சாம்பாரில் உப்புக் குறைந்தால் பிறகு இட்டுக்கொள்ளலாம். அடுப்பினுள் சென்ற கேக்கிற்கு அவ்வாய்ப்பில்லை. நடுப்பகுதி வேகுமுன் கதவைத் திறந்தாலும் அமுங்கிவிடும்.

மார்சிபானோ கைக்குரியது. கொழுக்கட்டை பிடித்த விரல்களுக்கு அது புதிதன்று. ஆயினும் மிகப் பிசைந்தால் பருப்பின் எண்ணெய் கசியும். மூடிவைக்காவிடில் காய்ந்து வெடிக்கும். சிற்றுருண்டையைத் துருவியின்மேல் உருட்டினால் ஆரஞ்சுத் தோலின் புள்ளிகள் தோன்றும். கிராம்பொன்றைச் செருகினால் காம்பு! முட்டை வெண்கரு சேர்ப்பாருமுண்டு. சைவர் இல்லங்களுக்குச் சர்க்கரைப் பாகே போதும்.

நிறுக்கக் கற்றதே பெரும்பயன் என்போம். இத்தனை கிராம் முந்திரி, இத்தனை கிராம் வெண்ணெய் என்று எழுதியபின் விலை சொல்ல முடிகிறது. "வீட்டில் செய்ததற்குப் பணமா?" என்று அயலார் வினவியபோது முன்னர் வாய்மூடி நின்றோம். இப்பொழுது எங்கள் கூலியையும் கணக்கில் ஒரு வரியாக எழுதுகிறோம். இன்று வாயிலருகே வைத்துள்ள பழத்தட்டிலும் விலைச்சீட்டு உண்டு.