பைக் வாங்கும் முன் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே இடத்தில் மழைநீர் சேமிப்பு பற்றிப் பேசினார்கள். இந்த மாதம் பைக் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "நான் மெக்கானிக் இல்லை சார். பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன்" என்றேன். "அதனால்தான் சார் கூப்பிடுகிறோம். வண்டி விற்கிறவர் வந்து பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார்.

நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் நான்கைந்து பேர், மனைவியோடு வெளியூர் போய் வர ஒரு பைக் வாங்கலாமா என்ற யோசனையில் இருப்பது எனக்குத் தெரியும். பேஸ்மென்டில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறீர்களே! எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வண்டி சார் வாங்கலாம்?" அதற்குப் பதில் சொல்லும் முன், நான் தப்பாக வாங்கிய வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும், பணிக்கொடை வந்த கையோடு ஒரு பைக் வாங்கினேன். பெயர் வேண்டாம். வண்டியில் குற்றமில்லை, வாங்கியவன் மேல்தான் குற்றம். ஷோரூமில் நான் உட்கார்ந்து பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், சைலன்சர் சத்தத்தைக் கேட்டேன், கையெழுத்துப் போட்டேன். என் மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். அவரை ஏறி உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில், "ரிட்டயர் ஆனதும் பைக்கிலேயே ஊர் ஊராகப் போகலாம்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் பயணம் திருவண்ணாமலை. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழி. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். அவர் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "என்னங்க, நீங்க வண்டில வாங்க. நான் பஸ்ல வந்துடறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அங்கிருந்து திருவண்ணாமலைக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டதும், "அதோ பார்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பின்சீட்டில் பை மட்டும்தான் இருந்தது.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து, என்னதான் கஷ்டம் என்று நிதானமாகக் கேட்டேன். கால் வைக்கும் இடம் ரொம்ப மேலே இருந்ததால் முழங்கால் மடங்கியே இருந்ததாம். சீட் முன்பக்கம் சரிந்திருந்ததால், நான் பிரேக் போடும்போதெல்லாம் என் மேல் வந்து மோதியிருக்கிறார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ரோட்டில் வரும் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது. கடைசியாக ஒன்று சொன்னார்: "பழைய ஸ்கூட்டர்லயும் வலிக்கும். நீங்க ஆபீஸ் போற அவசரத்துல இதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

வங்கிக்காரர்களுக்கு இது புரியும். இரண்டு பேர் பெயரில் இருக்கும் கூட்டுக் கணக்கை, இத்தனை வருடமாக நான் ஒருவனே கையெழுத்துப் போட்டு நடத்தியிருக்கிறேன்.

அந்த வண்டியை ஏழாவது மாதம் நஷ்டத்துக்கு விற்றேன். அடுத்ததை வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அதில் மூன்று தலைப்புகள்: உட்காரும் சுகம், வண்டி கைக்கு அடங்குவது, பின்சீட்டு இடம்.

உட்காரும் சுகம்

மெத்தென்று இருக்கும் சீட்தான் சுகம் என்று நினைக்காதீர்கள். ரொம்ப மெத்தென்ற சீட் பத்து நிமிடத்துக்கு நன்றாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கி, அடியில் இருக்கும் பலகை தெரிய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் அழுத்தமான, அகலமான சீட்தான் தூரத்துக்கு நல்லது.

அடுத்தது ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் முக்கோணம். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருந்தால் முழங்காலுக்கு நல்லது. ஆனால் உடம்பின் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். குழி வரும்போது கொஞ்சம் எழும்பிக்கொள்ளவும் முடியாது. ஃபுட்ரெஸ்ட் நேர் கீழே இருந்தால் எழும்பிக்கொள்ளலாம், முழங்கால் சற்றுக் கூடுதலாக மடங்கும். நம் வயதில் முதுகா முழங்காலா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். அதற்கு மேலும் கீழும் போய்வர எவ்வளவு இடம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு மேடு பள்ளத்தை அது விழுங்கும். பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரைப் பளுவுக்கு ஏற்ற மாதிரி இறுக்கலாம், தளர்த்தலாம். என் முதல் வண்டியிலும் அந்த வசதி இருந்தது. நான் ஒருநாளும் தொட்டதில்லை. டயர் காற்றும் அப்படித்தான். ஒருவர் போனால் ஓர் அளவு, இருவர் போனால் பின் டயருக்கு அதைவிடக் கூடுதல் அளவு என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. திருவண்ணாமலைக்கு நான் ஒருவர் அளவிலேயே போயிருக்கிறேன். ஆக, அன்றைய வலியில் என் பங்கும் உண்டு.

வண்டி கைக்கு அடங்குவது

தனியாக ஓட்டிப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். பின்னால் ஒருவர் ஏறினால் பளு பின் சக்கரத்துக்குப் போகிறது, முன்சக்கரம் இலேசாகிறது. வளைவில் வண்டி அகலமாகப் போகப் பார்க்கும். பிரேக் போட்டால் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடுதலாக இருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் நிதானமாகப் போகும். ஆனால் சந்தில் திருப்புவது கஷ்டம். ஒன்று வரவென்றால் இன்னொன்று செலவு.

அதைவிட முக்கியம், வண்டி நிற்கும்போது அடங்குகிறதா என்பது. பைக் கீழே சாய்வது பெரும்பாலும் எண்பதில் போகும்போது இல்லை, நின்ற இடத்தில்தான். பின்னால் ஆள் ஏறும்போது இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். அதற்குச் சீட் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

பின்சீட்டு இடம்

என் மனைவி முப்பது வருடத்துக்கு மேல் ஒருபக்கமாகவே உட்கார்ந்து வந்தவர். ஒருபக்கமாக உட்கார்ந்தால் பளு ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் தன்னை அறியாமல் மறுபக்கம் சாய்ந்தே ஓட்டுவார். அவருக்கும் ஒரு கைப்பிடிதான் கிடைக்கும், இடுப்பும் முறுக்கியே இருக்கும். பக்கத்துக் கடைக்குச் சரி, நூறு கிலோமீட்டருக்குச் சரிவராது. இருபக்கமும் கால் போட்டு உட்காருவதா என்று ஒரு வாரம் யோசித்தார். மகள் இரண்டு சுடிதார் வாங்கிக் கொடுத்து அந்த யோசனையை முடித்துவைத்தாள்.

புடவையிலேயே போவது என்றால், சக்கரத்தை மறைக்கும் புடவைத் தடுப்பைத் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். அழகாக இல்லை என்று இளைஞர்கள் கழற்றுகிறார்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

இடம் போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். இருவரும் ஹெல்மெட் போட்டு ஓட்டிப் பாருங்கள். மெதுவாகப் பிரேக் போடும்போதே அவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் டக்கென்று இடித்தால், இடம் போதவில்லை அல்லது சீட் சரிவாக இருக்கிறது.

நாங்கள் பார்த்த நான்கு வண்டிகள்

இந்த முறை எல்லா ஷோரூமிலும் முதலில் ஏறியது என் மனைவிதான். ஒவ்வொரு வண்டியிலும் ஐந்து தடவை ஏறி இறங்கினார். பதினைந்து நிமிடம் உட்கார்ந்தார். விற்பனைப் பையன்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. என் மனசு போனது இதன் மேல்தான். 452 சிசி, 196 கிலோ, டேங்க் 17 லிட்டர். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பருக்கு 200 மில்லிமீட்டர் இடம், முன்சக்கரம் 21 அங்குலம். மோசமான ரோட்டை ரோடாகவே மதிக்காத வண்டி. ஆனால் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். என் மனைவியால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வண்டியின் குறை இல்லை, எங்கள் வயதின் கணக்கு. நாற்பது வயதில் உயரமான தம்பதியாக இருந்திருந்தால் யோசிக்காமல் வாங்கியிருப்பேன்.

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. இரண்டு சிலிண்டர், 648 சிசி, 47 குதிரைத்திறன். சீட் உயரம் 740தான், ஏறுவது சுலபம். முதுகுச் சாய்மானத்தோடும் வருகிறது. நெடுஞ்சாலையில் கப்பல். ஆனால் பின் ஷாக் அப்சார்பருக்கு 101 மில்லிமீட்டர் இடம்தான். எடை 241 கிலோ. டெஸ்ட் ரைடுக்கு வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். நம் பேஸ்மென்ட் சரிவில், இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பின்னால் தள்ளிப் பார்த்தேன். செக்யூரிட்டி தம்பி ஓடி வந்து பிடித்தார். அத்தோடு அந்த ஆசை முடிந்தது. வெளிநாடுகளில் பயணத்துக்கென்றே பேர் பெற்ற ஹோண்டா கோல்டுவிங்கில் பின்சீட்டு ஒரு சோபா மாதிரி இருக்கும். எடை 350 கிலோவுக்கும் மேல் என்பதால் அதற்கு ரிவர்ஸ் வசதியே வைத்திருக்கிறார்கள். நமக்கு ரிவர்ஸ் நம் கால்தானே!

ஹோண்டா ஹைனெஸ் சிபி350. 181 கிலோ, நான்கில் இதுதான் இலேசு. சீட் உயரம் 800, டேங்க் 15 லிட்டர். உட்காரும் முறை நிமிர்ந்து, பழைய பைக் மாதிரி. முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள், ஊருக்குள்ளும் வெளியூருக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் அவசியம் பார்க்கலாம்.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. 349 சிசி, 20 குதிரைத்திறன்தான். 191 கிலோ, சீட் உயரம் 765, டேங்க் 15 லிட்டர். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் என் முழங்காலுக்கு நிம்மதி. பின் ஷாக் அப்சார்பரை ஆறு நிலைகளில் மாற்றலாம். என் மனைவி ஐந்தாவது தடவையும் யாரையும் பிடிக்காமல் ஏறினார். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. எழுபது, எண்பதில் நிதானமாகப் போகிறவர்களுக்குப் போதும்.

வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம்.

மீட்டியாரைத்தான் வாங்கினோம். முதுகுச் சாய்மானம் வைத்துக்கொண்டோம். சீட் தைக்கும் கடையில் என் மனைவியை நேரில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லப் பின்சீட்டின் சரிவை எடுத்துச் சமமாக்கினோம்.

முதல் பயணம் மறுபடியும் திருவண்ணாமலை. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை, வலிக்கிறதோ இல்லையோ, பத்து நிமிடம் நிறுத்துவது என்று ஒப்பந்தம். திண்டிவனத்தில் அதே கடையில் டீ குடித்தோம். எதிரே பஸ் வந்து நின்றது. நான் பஸ்ஸையும் அவரையும் பார்த்தேன். "என்ன பாக்கறீங்க? வண்டிய எடுங்க" என்றார். செஞ்சி வந்தபோது நான் சொல்லும் முன்பே, பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கோட்டையைக் காட்டியது அவர்தான்.

முழுக்க வலியே இல்லை என்று சொன்னால் பொய். திரும்பி வந்து இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள், "அடுத்தது தரங்கம்பாடி போலாமா?" என்று கேட்டார்.

ஆகவே, எந்த வண்டி என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் வீட்டில் பின்சீட்டில் உட்காரப்போகிறவர் எதைச் சொல்கிறாரோ அது. நான் வாங்கியதையே வாங்க வேண்டியதில்லை. அவரை ஏறச் சொல்லுங்கள், இறங்கச் சொல்லுங்கள், பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். "நல்லாதான் இருக்கு" என்று சொன்னால் உடனே நம்பிவிடாமல், இன்னொரு தடவை கேளுங்கள். நம் வீட்டுப் பெண்கள் முதல் தடவை கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை பேஸ்மென்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தம்பதியாக வாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். பின்சீட்டைப் பற்றிய சந்தேகங்களுக்கு என் மனைவி பதில் சொல்வார்.