வந்தாச்சா, இனிமேதான் வருமா?

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் கேட்ட கேள்வியிலிருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். "தேவனோட ராஜ்யம் உங்க நடுவுலயே இருக்குன்னு இயேசு சொன்னதா சொல்றீங்க. ஆனா அது வரணும்னு தினமும் ஜெபம் பண்றீங்க. வந்துட்டதை ஏன்டா இன்னும் கூப்பிடுறீங்க?"

நியாயமான கேள்வி. குழப்பத்துல பாதி, வார்த்தையிலயே இருக்கு. நம்ம பழைய பைபிள்ல 'ராஜ்யம்'. அதைக் கேட்டதும் மனசுல ஒரு மேப் வரும், எல்லைக்கோடு வரும். 1995ல வந்த திருவிவிலியத்துல அதையே 'இறையாட்சி'ன்னு போட்டிருக்காங்க. கிரேக்க மூலத்தில் உள்ள 'பசிலேயா' என்ற சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு. இடம்னா, அங்க போய்ச் சேரணும். ஆட்சின்னா, அது ஒரு வீட்டுல, ஒரு தெருவுல தொடங்கலாம். முழுசா நிறைவேறாமலும் இருக்கலாம்.

நான் ராயகிரிக்காரன். எங்க தென்காசிப் பக்கம் ஜூன்ல மலையில மேகம் இறங்கி, சாரல் அடிச்சதும் "குற்றாலத்துல சீசன் வந்தாச்சு"ன்னு சொல்லுவோம். அருவியில தண்ணி இன்னும் நிறைஞ்சு விழுந்திருக்காது. அதனால சீசன் வந்தது பொய்யாகிடுமா? முகத்துல படுற சாரல் நிஜம். இனி வரப்போற தண்ணியும் நிஜம்.

சரி, இந்த நம்பிக்கை நிலத்துல இறங்கினா எப்படி இருக்கும்? பழைய திருநெல்வேலிச் சீமையைப் பாருங்க. புதுசா கிறிஸ்தவரானவங்களுக்கு சொந்த ஊர்லயே அடி, உதை, வீட்டுக்குத் தீ. அவங்க தங்குறதுக்காக 1799ல டேவிட் சுந்தரானந்தம் உருவாக்கின ஊர்தான் முதலூர். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், இதே மாதிரி அடைக்கலக் கிராமங்கள் உருவாக வழி செய்தார். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், நாசரேத்... அந்தப் பக்கத்து ஊர்ப் பேரைப் பாருங்க. எதிர்பார்த்த உலகத்தோட பேரைக் கையில இருந்த மண்ணுக்கு வெச்சாங்க. கோயில் மட்டும் கட்டலை. பக்கத்துலயே பள்ளிக்கூடம் வந்தது. பொம்பளப் பிள்ளைங்களும் படிச்சாங்க. இதெல்லாம் சாரல்.

ஆனா அருவி? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்னு ரேனியஸ் சொன்னப்போ எதிர்ப்பு வந்தது. அடைக்கலம் தேடி வந்தவங்க சாதியையும் கூடவே கொண்டு வந்திருந்தாங்க. இன்னைக்கும் சில ஊர்கள்ல தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம்கூடத் தனி. வெளியிலயும் கதவு திறக்கலை: 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. 1956ல சீக்கியர்களையும் 1990ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலை.

இங்கதான் ரெண்டு சறுக்கல் வருது. "எல்லாம் பரலோகத்துல சரியாகும்"னு சொல்றவர், அந்தக் கல்லறைச் சுவரை அப்படியே விட்டுடுவார். "ராஜ்யத்தை நாங்க கட்டி முடிச்சிட்டோம்"னு சொல்றவருக்கு அந்தச் சுவர் கண்ணுலயே படாது. ஒருத்தருக்கு 'வந்தாச்சு' தெரியலை, இன்னொருத்தருக்கு 'வரும்' தெரியலை.

இயேசு சொன்ன ஒரு கதையில பயிரும் களையும் ஒரே வயல்ல அறுப்பு வரைக்கும் சேர்ந்தே வளருது. வயல் பார்த்தவங்களுக்கு இது புரியும். நெல் மாதிரியே நிக்கிற புல்லு இருக்கும். அதுக்காக யாரும் வயலைத் தரிசா போடுறதில்லை. களை இருக்குன்னு தெரிஞ்சேதான் தண்ணி பாய்ச்சுவாங்க.

அதனால நண்பருக்கு என் பதில் இதுதான். வந்திருக்கு, அதனாலதான் சும்மா இருக்க முடியலை. இன்னும் முழுசா வரலை, அதனாலதான் ஜெபத்தை நிறுத்த முடியலை. அந்த ஜெபம், ஒருவகையில, சுவரைப் பார்த்து "இது இப்படியே இருக்கக்கூடாது"ன்னு சொல்றதுதான். காலையில கோயில்ல அப்படி ஜெபிச்சிட்டு, மத்தியானம் யார் கூட உட்கார்ந்து சாப்பிடுறோம், யாரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறோம், ஊர்க் கமிட்டியில எந்தப் பேச்சுக்குத் தலையாட்டுறோம் என்பதில்தான் அது நிஜமா இல்லையான்னு தெரியும்.

உங்க ஊர்ல அந்தச் சாரலை எங்க பார்த்தீங்க, எந்தச் சுவர் இன்னும் நிக்குது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.