அலைவாங்கியா, அலைவீசியா?
(அன்னவாசலில் ஆற்றிய உரை)



'ஆண்டெனா' என்பதற்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல் 'அலைவாங்கி'. கூரைமேல் நின்று வானலையை வாங்கித் தந்த கம்பிக்கு அது பொருந்திய பெயரே. ஆயின், வீசுவதற்கென்றே எழுப்பிய கம்பத்தையும் அலைவாங்கி என்பது, ஈவோனை இரவலன் என்பது போன்றதன்றோ?

நமக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளி வானொலியை எண்ணிப் பாருங்கள். 1939 மே 16-இல் தொடங்கிய நிலையம் அது. அதன் நடுவலை நொடிக்கு 9,36,000 முறை அதிர்வது. வானலை நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே அவ்வலையின் நீளம் 320 மீட்டர். அதிற் காற்பங்காகிய 80 மீட்டர் உயரக் கம்பம் அதனை நன்கு வீசும். கம்பத்தின் உச்சியில் ஏதோ கருவி உண்டெனப் பலர் கருதுவர். இவ்வகை நிலையங்களிற் கம்பமே கருவி! ஆதலால் அது மண்ணைத் தொடாது பீங்கான் தாங்கியின்மேல் நிற்கும். அதன் அடியைச் சுற்றிச் செப்புக்கம்பிகள் வேர்போல் நிலத்துள் பரந்திருக்கும். அவ்வேர் இன்றேல் ஆற்றலின் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்கியே வீணாகும்.

நெல்லை மாவட்டத்து விசயநாராயணத்தில் 1990-இல் இயங்கத் தொடங்கிய கட்டபொம்மன் கடற்படை நிலையம் இன்னும் வியப்புக்குரியது. கடல்நீர் குற்றலைகளைத் தடுத்துவிடும். மிக நெடிய அலைகளே நீர்மூழ்கியை எட்டும். நொடிக்கு 18,200 அதிர்வுடைய அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அதிற் காற்பங்கு உயரத்திற்குக் கம்பம் நாட்ட எவரால் இயலும்? எனவே இத்தகைய நிலையங்களில், இயன்ற உயரத்திற் கம்பங்களை நாட்டி, உச்சியிற் கம்பிவலையைக் குடைபோல் விரித்து, பெருஞ்சுருள்களால் இசைவிப்பர். அப்போது மின்னழுத்தம் கடுமையாக ஏறும். கூர்முனை இருப்பின் காற்றிலேயே மின் கசியும். ஆதலின் முனைகளை உருண்டை வளையங்களாக்குவர். வாங்கும் கம்பிக்கு இவ்விடர் இல்லை. வாங்கியும் வீசியும் வேறென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'ஆண்டெனா' இலத்தீனிற் பாய்மரக் குறுக்குக்கழியைக் குறித்தது. பின்னர்ப் பூச்சியின் உணர்கொம்பிற்கும் ஆயிற்று. அவர்தம் சொல்லைப் பெயர்த்து நாமும் 'உணர்கொம்பு' என்றால், பேராற்றல் வீசும் கம்பம் எதனை உணர்கின்றது? சொல்லைப் பெயர்த்தல் வேறு. பொருளைக் கண்டு பெயரிடுதல் வேறு.

வாங்குவது அலைவாங்கி, வீசுவது அலைவீசி. இரண்டற்கும் பொதுவாக 'அலைவாயில்' எனலாம். வாயில் புகுதற்கும் உரியது, போதற்கும் உரியது. அன்னவாசல் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இளைஞர்களே! அகரமுதலியை மட்டும் புரட்டிச் சொல்லாக்க முற்படாதீர். கம்பத்தின் அடிக்குச் சென்று அது செய்யும் தொழிலைக் கேட்டறிந்து, பின்னர்ப் பெயர் சூட்டுங்கள். அச்சொல்லே நிலைக்கும்.

வாழ்க தமிழ்!