ரயில் ஓட்டிய சுரேகா



பெண் ரயில் ஓட்ட முடியுமா? முடியும். ஓட்டிக் காட்டியவர் சுரேகா யாதவ்.

அவர் மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டத்து விவசாயியின் மகள். மின்சாரத் தொழிற்கல்வி படித்தார். ரயில் ஓட்டுநர் வேலைக்குத் தேர்வு எழுதப் போனார். அங்கே வேறு பெண்களே இல்லை. அவர் பயந்து திரும்பவில்லை. தேர்வு எழுதினார், வென்றார்.

1989-இல் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். முதலில் சரக்கு ரயில். 2000-இல் மும்பையில் மகளிர் ரயில். 2011-இல் மலைப்பாதையில் டெக்கான் குவீன். 2023-இல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத். இப்படிப் படிப்படியாக உயர்ந்தார். மற்ற ஓட்டுநர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். 36 ஆண்டுகள் உழைத்து, 2025-இல் ஓய்வு பெற்றார்.

இன்று நாட்டில் பல பெண்கள் ரயில் ஓட்டுகிறார்கள்.

நாளை உங்கள் மகள், "நானும் ரயில் ஓட்டுவேன்" என்பாள். சிரிக்காதீர்கள். படிக்க வையுங்கள்.