வரைவுத் தாள்களை எறியாதீர்கள்



நவீனத்துவ வரைகலையின் வரலாறு பற்றி உயர்தர வகுப்பு மாணவிகள் குழுக்களாக முன்வைப்புச் செய்யவிருக்கிறீர்கள். அதற்கு வழிகாட்ட வைத்தியத் துறையிலிருந்து எங்களை ஏன் அழைத்தார்கள் என்பது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினால் முதலில் கிடைப்பது 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் ஆரம்பமான பௌஹவுஸ் கலைப்பள்ளி. அடுத்தது 1928இல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலை வெளியிட்ட யான் சிக்கோல்ட். இரண்டும் முக்கியமானவைதான். ஆனால் ஆறு பேர் ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டு வாசித்தால் ஆறு தனிப் பேச்சுகளே மிஞ்சும். ஆகவே, குழு வேலையாலேயே உருவான ஒன்றை இன்று பார்ப்போம். அதன் பெயர் ஐசோடைப்.

முதலாம் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் வீட்டுப் பஞ்சம். காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே ஒரு பெயர் இருந்தது. நகரசபை வீடுகளைக் கட்டியது, சுகாதாரத் திட்டங்களைத் தொடங்கியது. இவற்றின் புள்ளிவிபரங்களைச் சாதாரண மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று 1925இல் ஒட்டோ நொய்ராத் என்ற சமூகவியலாளர் அங்கே ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். அவருடன் ஆரம்பத்திலிருந்தே பணியாற்றியவர் மரீ ரைடமைஸ்டர். 1898இல் பிறந்த இவர், கணிதமும் பௌதிகமும் படித்துவிட்டு நேரே இந்த வேலைக்கு வந்தவர்.

அங்கே வேலை மூன்று கைகள் மாறியது. வைத்தியர்களும் பொருளியலாளர்களும் எண்களைக் கொடுப்பார்கள். கடைசியில் ஓவியர் குறியீடுகளை வரைவார். 1929 முதல் அந்தப் பொறுப்பு கேர்ட் ஆர்ன்ட்ஸ் என்பவருடையது. அவர் லினோலியத்தில் செதுக்கிய மனித உருவங்களின் சாயலை இன்றும் விமான நிலையங்களில் காணலாம். இந்த இரு கைகளுக்கும் நடுவே நின்றவர் மரீ. இத்தனை எண்களில் எது சொல்லத் தக்கது, எதை எதனோடு ஒப்பிடுவது, பார்ப்பவர் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்துப் பென்சிலால் வரைவு போடுவார். இந்தப் பணிக்கு அவர்கள் 'உருமாற்றுநர்' என்று பெயர் வைத்தார்கள்.

அவர்களுடைய முக்கிய விதி ஒன்று உங்கள் சுவர்ப்படங்களுக்கும் உதவும். தொகை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, படங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரு கிராமத்தில் 20 பேருக்கு டெங்கு, மற்றதில் 40 பேருக்கு என்று வைப்போம். இரண்டாவது கிராமத்துக்கு இரு மடங்கு உயரமான நுளம்பை வரைந்தால் அதன் அகலமும் இரட்டிக்கும், பரப்பளவு நான்கு மடங்காகும். எண் சரி, படம் பொய். ஒரே அளவான நுளம்பை இரண்டு தரம் வரைந்தால் எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

1934இல் ஒஸ்திரியாவில் அரசியல் நிலை மாற, குழுவினர் நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போனார்கள். ஐசோடைப் என்ற பெயர் 1935இல் மரீ சூட்டியதுதான். அமெரிக்கத் தேசிய காசநோய்ச் சங்கத்துக்கு ஒரு கண்காட்சியையும் அந்த ஆண்டுகளில் தயாரித்தார்கள். 1940இல் ஜேர்மனியப் படை நுழைந்தபோது ஒட்டோவும் மரீயும் படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினார்கள். அங்கே தடுப்புக்காவலிலும் இருந்தார்கள். 1941இல் மணம் முடித்து, அடுத்த ஆண்டு ஒக்ஸ்போட்டில் ஐசோடைப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1945 டிசம்பரில் ஒட்டோ காலமானார். மரீ வேலையை நிறுத்தவில்லை. சிறுவர்களுக்கு விஞ்ஞான நூல்களைத் தயாரித்தார். 1950களில் மேற்கு நைஜீரியாவுக்குச் சென்று கல்வி, சுகாதாரம், விவசாயம் பற்றிய வெளியீடுகளை உருவாக்கினார்.

இருந்தும் பல நூல்களில் ஐசோடைப் என்றால் ஒட்டோவின் பெயர் முதலில் வரும், அடுத்து ஆர்ன்ட்ஸின் பெயர் வரும். எண்ணம் ஒருவருடையது, கோடு மற்றவருடையது என்று சொல்வது சுலபம். நடுவில் நடந்த வேலை அச்சுத்தாளில் தெரியாது. பிறகு எப்படித் தெரியவந்தது? 1971இல் மரீ தன்னிடமிருந்த வரைவுகள், கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். ஆய்வாளர்கள் அந்தப் பென்சில் வரைவுகளைப் பார்த்துத்தான் அவருடைய பங்கை அளந்தார்கள். முடிந்த படம் மட்டும் மிஞ்சியிருந்தால் அவரும் உதவியாளர் என்ற ஒற்றைச் சொல்லோடு போயிருப்பார்.

வைத்தியசாலையிலும் இதே கதைதான். நாங்கள் எழுதும் மருந்துச்சீட்டுக்கும் அதை வாங்கும் அம்மாவுக்கும் இடையில் ஒருவர் நிற்கிறார். உறையின் மேல் காலைக்குச் சூரியனையும் இரவுக்குச் சந்திரனையும் வரைந்து கொடுப்பவர் அவர். நோயாளி சரியான குளிசையைச் சரியான நேரத்தில் விழுங்குவது அந்தக் கோட்டால். எந்த அறிக்கையிலும் அவர் பெயர் இராது.

மாணவிகளே, உங்கள் குழுவில் ஒருவரை உருமாற்றுநராக நியமியுங்கள். எல்லோரும் சேர்த்த தகவல்களைப் பார்த்து, "கடைசி வாங்கிலில் இருப்பவளுக்கு இதில் என்ன விளங்கும்?" என்று கேட்பது அவர் வேலை. பேசுபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆகவே யார் தேடினார், யார் தெரிந்தெடுத்தார், யார் வரைந்தார் என்று கடைசிப் பக்கத்தில் தனித்தனியே எழுதுங்கள். வரைவுத் தாள்களை எறியாதீர்கள்.

உலகெங்கும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். நூறு ஆண்டு அதிபர்களின் பெயர்களும் சங்கத் தலைவிகளின் பெயர்களும் நம்மிடம் வரிசையாக இருக்கின்றன. கண்காட்சிகளுக்குச் சுவர்ப்படம் கீறியவர்கள், கையெழுத்துச் சஞ்சிகைக்கு அட்டை வரைந்தவர்கள், நாடகத்துக்குத் திரை தீட்டியவர்கள் யார்? உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய தாளோ புகைப்படமோ இருந்தால் அதன் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். பெயர் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.