உள்ளதை உள்ளபடி எழுதுவோம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் பண்ணினார். "நம்ம கல்லூரியோட பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மாணவர்கள் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்க. நீங்க ரிடையர் ஆனதிலிருந்து ஏதோ பழைய ரிஜிஸ்டர் எழுதுற வேலை பார்க்கிறீங்களே, அதைப் பத்திக் கால் மணி நேரம் பேசுங்க" என்றார். "அதுல நான் பண்ணின தப்பைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். "அதான் வேணும்" என்றார். அந்தத் துணிச்சலில் நிற்கிறேன்.

நான் செய்வது சம்பளம் இல்லாத வேலை. அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த ஆங்கிலேயர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை அந்தந்த ஊர்ப் பாதிரியார் பதிவேட்டில் எழுதினார். அதன் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களின் படத்தைப் பார்த்துப் பெயர், தேதி, ஊர் இவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போதுதான் எங்கோ இருக்கும் ஒரு பேத்தி தன் பாட்டன் பெயரைத் தேடி எடுக்க முடியும். யோசித்துப் பாருங்கள், லண்டனில் இருப்பதே நகல். நான் எழுதுவது நகலுக்கு நகல்.

இப்படிப்பட்ட தொண்டு உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அட்டவணைகளை 'ஃப்ரீ பி.எம்.டி.' என்ற அமைப்பின் தொண்டர்கள் 1998 முதல் எழுதி வருகிறார்கள். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 72 ஆண்டு கழித்து 2012இல் வெளியானபோது, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தொண்டர்கள் சேர்ந்து சுமார் 13 கோடிப் பெயர்களைச் சில மாதங்களிலேயே அட்டவணைப்படுத்தினார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக எழுதுவார்கள். வேறுபட்டால் மூன்றாமவர் பார்த்துத் தீர்ப்பார். அப்படியும் தவறு வரத்தான் செய்தது. ஏனென்றால் ஒரே மங்கலான எழுத்து இரண்டு பேரையும் ஒரே மாதிரி ஏமாற்றும்.

பழைய ஆங்கிலக் கையெழுத்தில் 'எஸ்' என்ற எழுத்து நீண்டு 'எஃப்' மாதிரி இருக்கும். 'ராஸ்' என்ற குடும்பம் 'ராஃப்ஸ்' ஆகிவிடும். வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர் வேப்பேரியை 'வெஸ்பெரி' என்று எழுதியிருந்தார். அவர் வேப்பேரியைக் கண்டாரா பாவம்! பூந்தமல்லி, வாலாஜாபாத் எல்லாம் அவர்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். "நான் இந்த ஊர்க்காரன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு சிப்பாயின் மனைவியுடைய அடக்கக் குறிப்பு. ஊர்ப் பெயரைச் சுருக்கி ஐந்தே எழுத்தில் எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்தில் மசி பரவியிருந்தது. நான் அதை 'எம்' என்று படித்தேன். 'பாளையங்கோட்டை' என்று முழுப் பெயரையும் நானே விரித்து எழுதினேன். அங்கே ராணுவம் இருந்ததே, சந்தேகம் எதற்கு?

இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி எங்கள் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய தாயாருக்கு வயது எழுபதுக்கு மேல். தன் கொள்ளுப்பாட்டியின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று தாயும் மகளும் விமானம் ஏறி வந்திருக்கிறார்கள். சென்னையில் இறங்கி, ராத்திரி ரயிலில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் மே மாத வெயிலில் இரண்டு நாள் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. "மூலப் பக்கத்தை இன்னொரு தடவை யாராவது பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பக்கத்தில் அதே கையெழுத்தில் இருந்த மற்ற 'எம்', 'வி' எழுத்துக்களோடு ஒப்பிட்டேன். அது 'வி'. ஊர் பல்லாவரம்! அதுவும் ராணுவம் இருந்த இடம்தான். சென்னை விமான நிலையம் எங்கே இருக்கிறது? மீனம்பாக்கத்தில். பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர். அந்த அம்மாள் எந்த மண்ணைத் தேடி வந்தாரோ, அதன் வாசலில் வந்து இறங்கிவிட்டு, நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி அறுநூறு கிலோமீட்டர் போயிருக்கிறார்.

நான் பல்லாவரத்துக்குப் போய்த் தேடினேன். அந்தப் பெயரில் கல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த மண்ணைப் படம் எடுத்து அனுப்பி, தவறு என்னுடையது என்று எழுதினேன். அதற்குள் தாயார் நடமாட முடியாத நிலைக்கு வந்திருந்தார். "அம்மாவிடம் படத்தைக் காட்டினேன், ரொம்ப நேரம் கையிலேயே வெச்சிருந்தாங்க" என்று மகள் பதில் போட்டார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் தவறுகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் ஒன்று இருக்க நாம் வேறொன்றை எழுதினால், அது நம் தவறு. உடனே திருத்த வேண்டும். ஆனால் பக்கத்திலேயே தவறு இருந்தால்? அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. ஃப்ரீ பி.எம்.டி.யில் இதுதான் விதி. "என் தாத்தா பெயர் இப்படி இல்லை" என்று ஒருவர் சொன்னால், மூல அட்டவணையைப் பார்ப்பார்கள். அங்கேயும் தவறாகவே இருந்தால் எழுதியதை மாற்ற மாட்டார்கள். அவர் தனக்குத் தெரிந்ததை ஒரு குறிப்பாகப் பக்கத்தில் சேர்த்து வைக்கலாம். படிக்க முடியாத ஓர் எழுத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். இதுவா அதுவா என்றிருந்தால் இரண்டு எழுத்தையும் அடைப்புக்குறிக்குள் தருவார்கள். நான் அந்த ஐந்தாவது எழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தால் போதும், அந்த அம்மாள் கிளம்பும் முன்பே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

தவறு மாதிரி தெரிந்து, தவறே இல்லாததும் உண்டு. 1740 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை 1740 பிப்ரவரியில் அடக்கம் செய்ததாக ஒரு பதிவேட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பிறக்கும் முன்பே இறந்ததா என்று சிரித்துக்கொண்டே ஆண்டை மாற்றிவிடுவோம். ஆனால் 1752க்கு முன்னால் ஆங்கிலேயர் கணக்கில் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. அவர்களுடைய 1740 பிப்ரவரி நமக்கு 1741. எழுதியவர் சரியாகத்தான் எழுதினார்.

நம்மவர் கதையையும் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் முதல் கூட்டம் அது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள்தான் பலருக்குக் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டன. முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆனார். தமிழ் தெரிந்த நாம் அந்தப் பட்டியலை எழுதும்போது 'முனுசாமி' என்று திருத்தினால் நமக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் 'மூன்சாமி' என்று தேடுகிற கொள்ளுப்பேரனுக்குத் தன் பாட்டன் கிடைக்க மாட்டார்.

இது ஒன்றும் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ஒழுங்கு இல்லை. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாத, காலுக்கும் 'ர'கரத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஓலைகளோடு மல்லுக்கட்டினார். பாடபேதங்களைத் தூக்கி எறியாமல் குறித்து வைத்தார். அடுத்தவன் வந்து பார்க்கட்டும் என்ற பணிவு அது.

மாணவச் செல்வங்களே, இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். நம் சேர்க்கைப் பதிவேட்டில் ஏகப்பட்ட பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி! என் சொந்தப் பிறந்தநாளும் அப்படித்தான். அம்மா சொன்னது ஐப்பசி, பதிவேடு சொல்வது ஜூன். அதைத் திருத்தாதீங்க. நான் வேலைக்குப் போனதும் பென்ஷன் வாங்குவதும் அந்த ஜூனை வைத்துத்தான். ஐப்பசியைத் தனிக் குறிப்பாக எழுதிக்கோங்க, போதும்.

'சுப்ரமண்யம்' என்றிருந்தால் 'சுப்பிரமணியன்' ஆக்க வேண்டாம். இனிஷியல் தெரியவில்லையா, கோடு போடுங்க, ஊகிக்காதீங்க. திருத்தினால் பழையதை அழிக்காமல், யார், என்றைக்கு, எதைப் பார்த்துத் திருத்தினார் என்று பக்கத்திலேயே எழுதுங்க. ஒரு இனிஷியல் மாறியதால் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். யாராவது ஒரு பெரியவர் வந்து "என் பேர் தப்பா இருக்கு தம்பி" என்றால் முகம் சுளிக்காமல், அவரை உட்கார வைத்து, மூலப் பக்கத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து பாருங்க.

நான் இன்னமும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். சுருக்கம் வந்தால் சுருக்கமாகவே எழுதுகிறேன். பல்லாவரம் வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் அந்த ஐந்து எழுத்து ஞாபகம் வருகிறது.