டாக்டருக்கு எது முன்னேற்றம்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



டாக்டர்களின் தொழில் முன்னேற்றத்தைப் பற்றி இன்று பேசப் போகிறோம். சொன்னவுடனே பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. பஞ்சப்படிக்கும் கூலிக்கும் போராடுகிற நமக்கு டாக்டர் பிழைப்பைப் பற்றி என்ன கவலை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 2020ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம். முதல் ஆண்டிலேயே, பல் மருத்துவத்தையும் சேர்த்து, சுமார் 400 பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள்? நாற்று நடுகிறவள் மகள். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர் மகன். முதலில் போனவர்கள் படிப்பை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். "இனி என்ன செய்வது?" என்ற கேள்வி நம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

பதில் சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். டாக்டர் வைத்தியம் மட்டும் பார்த்தால் போதாதாம். தொழில்முனைவர் ஆக வேண்டுமாம். அதற்கென்று வகுப்புகள், பட்டங்கள், பயிற்சி முகாம்கள். கணக்கு வழக்குத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஆஸ்பத்திரி நடத்துகிறவருக்கு வரவு செலவு தெரியாவிட்டால் பஞ்சு வாங்கக்கூடக் காசிருக்காது. போடுகிற முதல் எங்கிருந்து வருகிறது, அதற்கு வட்டி யார் தருவது என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்குவது சர்வ சாதாரணம். படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி. அது கடன் என்றும், நூற்றுக்குப் பத்து வட்டி என்றும் வையுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம், மாதத்துக்கு 83,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கிறது. அதற்கு மேல் மேற்படிப்பு, கிளினிக், ஸ்கேன் மிஷின். மிஷின் சும்மா கிடந்தால் தவணை கட்ட முடியாது. ஆகவே தலைவலி என்று வந்தவனும் ஸ்கேனுக்குள் படுக்க வேண்டியிருக்கிறது. அந்த டாக்டர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. பாங்குக்கும் நோயாளிக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர் அவர். நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 2002ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி தெளிவாகச் சொல்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது; கமிஷன் கவரில் போய்க்கொண்டிருக்கிறது.

சொந்தமாகப் போட முதல் இல்லாதவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறார். அங்கே பரவலாக உள்ள ஒப்பந்தம் எப்படி? ஆரம்பத்தில் ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கு 'மினிமம் கியாரண்டி'. பிறகு நோயாளி கட்டுகிற பில்லில் ஒரு பங்கு. ஆள் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. இதற்கு நம் மில்லில் என்ன பெயர்? பீஸ் ரேட்! வெள்ளைக் கோட்டுப் போட்ட பீஸ் ரேட்.

இந்தப் பாதையில் நமக்கு வெகுதூரம் முன்னால் போன நாடு அமெரிக்கா. டாக்டர் என்றால் சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர் என்று அங்கே ஒரு காலம் இருந்தது. 2024ம் ஆண்டுக் கணக்குப்படி நாலில் மூன்று பேருக்கு மேல் ஆஸ்பத்திரியிடமோ கம்பெனியிடமோ சம்பளக்காரர்கள். 2023ல் மின்னசோட்டா ராஜ்யத்தில் நூற்றுக்கணக்கான டாக்டர்கள் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்களும் சங்கத்துக்கு வந்து சேர்கிற காலம் இது!

நம் ஊரில் சர்க்கார் உத்தியோகம் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் முன்பு நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்தவர், கோடி ரூபாய் இல்லாமலே ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். 2017ல் அகில இந்திய விதியைக் காட்டி, மேற்படிப்புப் பட்டங்களுக்கு அது நிறுத்தப்பட்டது. 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஒதுக்கீடு, காலமுறைப் பதவி உயர்வு, சம்பளம் ஆகியவையே கோரிக்கைகள். என்ன கிடைத்தது? சர்வீஸ் முறியும் என்று மிரட்டல், இடமாற்ற உத்தரவு. நமக்குப் பழக்கமான மருந்துதானே! ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். அப்படி ஒதுக்க ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வேலைநிறுத்த நாட்களில் நோயாளிகள் கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் அந்த டாக்டர்கள் கேட்டது, நம் மகள் நாளைக்கு ஏற வேண்டிய ஏணியை.

அப்படியானால் டாக்டர் சொந்தமாக எதையும் தொடங்கவே கூடாதா? தொடங்கட்டும். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். சர்க்கார் வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இருப்பவன் கட்டணம் கட்டுவான், இல்லாதவனுக்கு இலவசம். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992ல் ஆரோலேப் என்று லென்ஸ் தொழிற்சாலையே அமைத்து விலையைத் தரைக்கு இறக்கினார்கள். எல்லா நோய்க்கும் இந்த வழி செல்லாது. கண்புரை ஆபரேஷன் சீக்கிரம் முடிவது, வரிசையாகச் செய்யக்கூடியது. இருதய ஆபரேஷன் அப்படியல்ல.

இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சொல்கிறோம். இரண்டும் 1983ல் தொடங்கியவை. ஒன்று சென்னையில் அப்போலோ. அமெரிக்காவிலிருந்து திரும்பிய இருதய நோய் டாக்டர் பிரதாப் ரெட்டி, கம்பெனி அமைத்து, 150 படுக்கைகளோடு ஆரம்பித்தார். டாக்டர் முதலாளியானதற்கு உதாரணம் என்று எல்லா வகுப்பிலும் அதைத்தான் சொல்வார்கள்.

மற்றது சட்டீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா. பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது வெட்டுகிற ஊர். 1977 ஜூனில் அங்கே போலீஸ் சுட்டதில் 11 பேர் மடிந்தார்கள். சங்கர் குஹா நியோகி வழிநடத்திய சுரங்கத் தொழிலாளர் சங்கம் அது. பிறகு சங்கத்தின் பெண் தலைவர் ஒருவர், பிரசவத்தில் சரியான கவனிப்பின்றி இறந்துபோனார். நமக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று தொழிலாளர்கள் தீர்மானித்தார்கள். தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டார்கள். வேலை முடிந்து வந்து தாங்களே கட்டடம் கட்டினார்கள். மடிந்தவர்கள் நினைவாக, 1983 ஜூன் 3ந் தேதி, 15 படுக்கைகளோடு ஷஹீத் ஆஸ்பத்திரி, அதாவது தியாகிகள் ஆஸ்பத்திரி, திறக்கப்பட்டது. பினாயக் சென், சைபால் ஜனா போன்ற டாக்டர்கள் அந்த ஊரைத் தேடிப்போய் வேலை செய்தார்கள். தொழிலாளிகளே பயிற்சி பெற்றுச் சுகாதார ஊழியர்களானார்கள். 1991ல் நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆஸ்பத்திரியை மூட முடியவில்லை. நூறு படுக்கைகளுக்கு மேல் வளர்ந்தது. அங்கே போன டாக்டர்களுக்கும் தொழில் முன்னேற்றம் இருந்தது, தோழர்களே! நகரத்து ஆஸ்பத்திரியில் நாலு நிபுணர்கள் பங்கு போட்டுச் செய்கிற வேலையை ஒரே கையால் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது ஒரு காரியம். உங்கள் மகளுக்கோ மகனுக்கோ ஆஸ்பத்திரியிலிருந்து வேலை ஒப்பந்தம் வந்தால், சந்தோஷத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட விடாதீர்கள். சங்க ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கியாரண்டி எத்தனை மாதம், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா, மேற்படிப்புப் பரீட்சைக்கு விடுப்பு உண்டா என்று வரி வரியாகப் பார்ப்போம். மில் ஒப்பந்தங்களைப் படித்துப் பழகிய தோழர்கள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீசில் இருப்பார்கள்.